இரண்டு கிலுகிலுப்பைகள்

என் கணவரும் என் உம்மாவும் மூன்று வருடம் நேருக்கு நேர் கதைக்கவே இல்லை. பகை ஒன்றும் கிடையாது. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வந்தவருக்கு மரியாதை கொடுக்க வேண்டுமென்று மாமியார் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கதவுச் சீலைக்குப் பின்னால் நிற்பார். மாமியாருக்கு மரியாதை கொடுக்க வேண்டுமென்று மருமகன் தரையைப் பார்த்து நடப்பார். இப்போது பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பேரும் மரியாதையில் ஒருவரையொருவர் முந்தப் பார்த்தார்கள்.

உம்மா கூச்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தொன்பது வயதில் ஸ்கூட்டி ஓடுகிறார். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தால் மற்றவர்கள்தான் பறிக்க வேண்டும். வாப்பா கட்டாரில் இருப்பதால் வீட்டுக்கு வேண்டிய சீமெந்து முதல் சீனி வரை அவரே பேரம் பேசி எடுக்கிறார். மருமகனின் மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்டால் மட்டும் அந்தக் குரல் எங்கோ போய்விடும்.

"மருமகனுக்குக் கறி காணுமா எண்டு கேளு புள்ள," என்பார், மூன்றடி தூரத்தில் நின்று.

"காணும் எண்டு சொல்லு," என்பார் இவர், தட்டிலுள்ள மீனைப் பார்த்தபடி.

"காணுமாம்," என்பேன் நான். போதும் என்கிற இந்த ஒரு சொல்லை நான் சொல்லாவிட்டால் உம்மா அகப்பையோடு அங்கேயே நிற்பார்.

மூன்று வருடத்தில் இந்தத் தபால் வேலையில் நன்றாகத் தேறிவிட்டேன். தேறியதென்றால், கடிதங்களைத் திருத்தவும் பழகிவிட்டேன். இவர் "ஆணத்துல உப்புக் கூட" என்றால், "நல்ல ருசியாம், உப்பு மட்டும் ஒரு கிள்ளுக் கூடிட்டாம்" என்று கொண்டுபோய்க் கொடுப்பேன். உம்மா "ஃபேன நிப்பாட்டாமப் போறாரு, கரண்ட் பில் அவர்ட வாப்பாவா கட்டுவாரு" என்றால், "உம்மா ஃபேன் சத்தத்துல தூங்க ஏலாமக் கிடந்தாங்க" என்று இவரிடம் சொல்வேன். இருவரும் ஒருவரையொருவர் மிக இனிமையானவர் என்று நம்பி வாழ்ந்ததற்கு நான்தான் காரணம்.

சிக்கல் மகளின் இடுப்பில் தொடங்கியது.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். ஒரு கலியாண வீட்டுக்குக் கொண்டுபோய் வந்தோம். அன்று பின்னேரம் முழுவதும் அழுதாள். பல் முளைக்கிறது என்று நான் நினைத்தேன். கண்ணூறு பட்டுவிட்டது என்று உம்மா முடிவு செய்துவிட்டார். மறுநாள் காலை ஸ்கூட்டியில் சாய்ந்தமருதுக்குப் போய் ஓதிப் பார்க்கும் ஒரு லெப்பையிடம் இசிம் எழுதி வாங்கிவந்தார். ஓதி எழுதிய சிறு தாள். அதைக் கராம்பு அளவுக்குச் சுருட்டி, மெழுகுச் சீலையில் சுற்றி, வெள்ளிக் கூட்டுக்குள் போட்டிருந்தது. அதைப் பிள்ளையின் இடுப்பிலுள்ள அறுணாக்கொடியில் கட்டினார்.

இவர் கல்முனையில் ஒரு பாமசியில் மருந்தாளர். பாதுகாப்பை அல்லாஹ்விடம் மட்டும்தான் கேட்க வேண்டும், நூலில் கட்டித் தொங்கவிடக் கூடாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டார்.

"இது என்ன? கழட்டச் சொல்லு."

நான் குசினிக்குப் போனேன். "உம்மா, வெள்ளிக் கூடு புள்ளட இடுப்ப உரசுதாம்."

"பாவம், அது சரிதான்," என்றார் உம்மா. மறுநாள் இசிம் பஞ்சு வைத்த துணிப் பைக்குள் இருந்தது.

இவர் மறுபடி பார்த்தார். துணியில் வியர்வை ஊறுகிறதாம் என்று குசினியில் சொன்னேன். இசிம் கையில் ஏறியது. கையைக் கடிக்கிறாளாம் என்றேன். தலையணை உறைக்குள் போனது. நான்காம் முறை இவர் தலையணையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீ சரியாச் சொல்றல்ல போல. நானே மாமிட்ட கதைக்கிறன்."

மூன்று வருட மௌனம் உடையப்போவது இந்தக் கதைக்கா? "வேணாம், நான் பாத்துக்கிறன்," என்றேன். உம்மாவிடம் போய், இந்த முறை பாதி உண்மையைச் சொன்னேன்: அவருக்கு இசிமில் அவ்வளவு விருப்பமில்லை போல.

உம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அப்படியா. அப்ப நான் நிந்தவூருக்குத் தங்கச்சி ஊட்ட போய் இரிக்கன். என்ட பேத்திக்கு ஒரு இசிம் கட்ட ஏலாத ஊட்ட எனக்கு என்ன வேல."

உம்மா சொன்னால் செய்பவர். எனக்குச் சம்பளமில்லா லீவு முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. நான் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொறியியல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். உம்மா நிந்தவூர் போனால் பிள்ளையை யாரிடம் விடுவது? இவர் மனம் நொந்து இந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கத் தொடங்கினால் அதை எப்படிப் பார்ப்பது? இரண்டில் எது சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். வெயில் ஏறிய நேரத்தில் இவர் சொல்வது சரியாகப் படும். பிள்ளை வீறிட்டு அழும்போது உம்மா சொல்வது சரியாகப் படும்.

யோசனை, கம்பஸில் நான் செய்த இறுதி வருட ஆய்விலிருந்து வந்தது. த்ரீ டி பிரிண்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக் துண்டுகளைக் கழியொலியால், அதாவது காதுக்கு எட்டாத அதிர்வால், வெல்டிங் செய்வது பற்றியது அந்த ஆய்வு. இதனால் யாருக்கு என்ன பயன் என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்டார்கள். மருத்துவ உபகரணங்கள் என்று சொல்லித் தப்பினேன். மாமியார் மருமகன் பிரச்சினை என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிரிண்டர் வீட்டில் தையல் மெசினுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு கிலுகிலுப்பை செய்வேன். கைபிடி, அதன் நுனியில் பெரிய குமிழ், குமிழுக்குள் ஒரு சிறு அறை. அறைக்குள் மணிகள். மேலே ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு மூடி. உம்மாவிடம், இசிம் அதற்குள் இருக்கிறது, எந்நேரமும் பிள்ளையின் கையிலேயே இருக்கும், எச்சிலும் படாது என்பேன். இவரிடம், இசிமைக் கழற்றியாகிவிட்டது, இது வெறும் விளையாட்டுச் சாமான் என்பேன். மூடியைப் பிறகு யாராலும் திறக்க முடியாது.

திறக்கக் கூடாது என்பதுதான் எல்லாம். திறந்தால் என் பொய் வெளியே வரும் என்பது ஒரு பக்கம். ஐந்து ரூபாய் அளவு மூடியும் ஒரு கைப்பிடி மணிகளும் கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளையின் தொண்டைக்குப் போகும் என்பது மறு பக்கம். அதை நினைத்தே இரண்டு தடவை வேலையைக் கைவிட்டேன். பசை போட்டு ஒட்டலாமா என்று பார்த்தால், அந்த மணம் பிடித்த கையால் பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை. ஆணி வைத்தால் ஆணியையும் விழுங்குவாள். கழியொலி வெல்டிங்கில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. மூடியின் பிளாஸ்டிக்கும் குமிழின் பிளாஸ்டிக்கும் உருகி ஒரே துண்டாகிவிடும்.

மெசின் இருந்தது மருதமுனையில், என் மதினியிடம். மதினி என்றால் இவருடைய மூத்த சகோதரி. அபாயா தைக்கும் சிறு தையல் நிலையம் வைத்திருக்கிறார். கொரோனா நேரத்தில் முகக்கவசம் தைத்தபோது காது நாடாவைத் துணியோடு ஒட்டுவதற்கு ஒரு மெசின் வாங்கினார். அது இப்போது சீலை போர்த்தியபடி மூலையில் நிற்கிறது. நான் பிளாஸ்டிக் துண்டுகளைப் பையில் வைத்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்னத்துக்கு புள்ள இந்த மெசின்? மறுகா ஏதும் வியாதி வருதா?"

மதினியிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அவர் பார்க்கிற பார்வை அப்படி. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என்ட தம்பிக்கு ஒரு கத, உங்கட உம்மாக்கு ஒரு கத. நடுவில பிளாஸ்டிக்."

"மதினி, ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்றன். உங்கட உம்மாட முகத்தப் பாத்துச் சிரிக்காம இரிக்கணுமே, அதுதான் எனக்குப் பயம்."

மெசின் பார்ப்பதற்கு எளிது. கீழே ஒரு மேடை, மேலே ஒரு உலோகக் கொம்பு. காலால் மிதித்தால் கொம்பு இறங்கி மூடியின் மேல் அழுத்தி அதிரும். மூடியின் அடிவிளிம்பில் ஒரு மெல்லிய மேடு வைத்து அச்சிட்டிருந்தேன். அதிர்வு முழுவதும் அந்த மேட்டில் போய்க் குவிந்து அதை உருக்க வேண்டும். அரை வினாடி வேலை.

முதல் முறை மிதித்தபோது, பல்லைக் கூசவைக்கும் ஒரு கீச்சொலி வந்தது. பிள்ளை திடுக்கிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தையல் மெசின்களில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூடியின் நடுப்பகுதி பள்ளமாகிப் பளபளத்தது. விளிம்பு ஒட்டவே இல்லை. நகத்தால் தூக்கக் கழன்றுவந்தது.

"மாஸ்க்கு ஒட்டின மெசின் புள்ள. இசிம் ஒட்டுமா?" என்றார் மதினி.

பிழை மெசினில் இல்லை. பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்க நினைத்துக் குமிழின் சுவரை உள்ளே தேன்கூடு மாதிரி வெற்றிடம் விட்டு அச்சிட்டிருந்தேன். தலையணைக்கு மேல் ஆணி அடிப்பது போலத்தான். அதிர்வையெல்லாம் தேன்கூடு குடித்துவிட்டது. ஆய்வறிக்கையில் ஒரு முழு அத்தியாயமே இதைப் பற்றி எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்கே ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து சுவரை முழுத் திண்மமாக அச்சிட்டேன். அச்சிடும்போது முனையிலிருந்து எண்ணெயில் கடுகு பொரிவது போல் சின்னச் சின்ன வெடிச் சத்தம். மழைக் காலத்தில் கடற்கரை ஊரில் பிளாஸ்டிக் நாடாவைத் திறந்து வைத்தால் ஈரம் குடிக்காமல் என்ன செய்யும். அந்தக் குமிழை வெல்டிங் செய்தபோது ஒட்டிய இடமெல்லாம் நுரைத்து ஓட்டை ஓட்டையாக நின்றது.

"மருந்துப் போத்தலுக்குள்ள போடுவாங்களே, ஈரம் இழுக்கிற சின்னப் பை, அது கொஞ்சம் கொண்டு வாறீங்களா?" என்று இவரிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"புள்ளைக்கு விளையாட்டுச் சாமான் செய்றன்."

மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். தனக்கு எதிரான சதிக்குத் தானே சாமான் சுமந்துவந்தார், பாவம். ஆனாலும் நாடாவை அந்தப் பைகளோடு டப்பாவில் அடைத்து நான்கு நாள் காயவைத்தேன்.

மூன்றாம் முறை மேடு அழகாக உருகியது. சந்தோஷத்தில் நான் காலை எடுத்துவிட்டேன். உருகியது இறுகுவதற்குள் கொம்பு மேலே போனதால் மூடி ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்துகொண்டது.

மதினி என்னைத் தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். "மிதிச்சா மிதிச்ச கால எடுக்கப்படாது. மூணு சுப்ஹானல்லாஹ் சொல்லி முடியத்தான் எடுக்கிற. மாஸ்க்குக்கு ஒண்டு போதும். இது தடிப்பு."

அவர் இன்னொரு குமிழை வைத்து மிதித்தார். உதடு மூன்று முறை அசைந்தது. காலை எடுத்தார். என் ஆய்வில் இதற்கு ஒரு வரைபடமும் ஒரு அட்டவணையும் இருந்தன.

அந்தக் குமிழை மேசையிலிருந்து போட்டோம். சீமெந்துப் படியில் எறிந்தோம். மதினி இஸ்திரிப் பெட்டியால் ஒரு அடி அடித்தார். கடைசியில் குறடால் மூடியைப் பிடித்து இழுத்தார். மூடி வரவில்லை, பக்கத்துச் சுவர் பிய்ந்து அதோடு வந்தது. மூடி தனியே கழன்றால் ஒட்டு தோல்வி. சுவர் பிய்ந்தும் ஒட்டு விடாமல் நின்றால் வெற்றி. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"சுவர் பிஞ்சாலும் அழுறீங்க, பிய்யாட்டியும் அழுறீங்க. என்ன புள்ள நீங்க," என்றார் மதினி.

இனி உண்மையான கிலுகிலுப்பை. இங்கேதான் நான் என் குணத்தைக் காட்டினேன். இசிமை உள்ளே வைப்பதா, வைக்காமல் விடுவதா என்று எனக்கு முடிவெடுக்க முடியவில்லை. வைத்தால் இவரிடம் பொய். வைக்காவிட்டால் உம்மாவிடம் பொய். ஆகவே இரண்டு செய்தேன். ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்றில் அபாயாவுக்குத் தைக்கும் மணிகள் ஒரு பிடியும் தலையணை உறையிலிருந்து எடுத்துவந்த, மெழுகுச் சீலையில் சுற்றிய இசிமும். மற்றதில் மணிகள் மட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் யோசித்து ஒன்றைக் கொடுப்பது என்பது திட்டம். எது எது என்று தெரிய வேண்டுமே; இசிம் இருந்ததன் மூடியில் பேனையால் ஒரு சிறு புள்ளி வைத்தேன்.

மதினி இரண்டையும் வெல்டிங் செய்தார். பிள்ளை சிணுங்கியதால் நான் பின்னால் போய்ப் பாலூட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டும் ஒரு பேசின் தண்ணீருக்குள் கிடந்தன. ஓட்டை இருந்தால் குமிழி வரும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"ஒரு குமிழிகூட இல்ல புள்ள. மாஷா அல்லாஹ்." இரண்டையும் துடைத்து என் கையில் வைத்தார்.

புள்ளியைத் தேடினேன். இரண்டு மூடியிலும் கொம்பு அழுத்திய இடம் ஒரே மாதிரிப் பளபளத்தது. கொம்பு தொடும் இடத்திலேயே நான் புள்ளி வைத்திருக்கிறேன். அது உருகிப் போய்விட்டது.

"மதினி, எது எது?"

"எது எது எண்டா?"

"இசிம் உள்ள எது?"

மதினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காதில் வைத்துக் குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் தோளில் கை வைத்து மிக மெதுவாகச் சொன்னார். "இனி நீங்க பொய் சொல்லவே தேவல்ல புள்ள. உங்களுக்கே தெரியா."

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். மற்றது அலுமாரிக்குள் என் கலியாணச் சாறிக்கு அடியில் போனது. உம்மாவிடம் சொல்ல வேண்டியதை உம்மாவிடமும், இவரிடம் சொல்ல வேண்டியதை இவரிடமும் சொன்னேன். இரண்டு பேரில் ஒருவருக்கு நான் உண்மை சொல்லியிருந்தேன். யாருக்கு என்றுதான் தெரியாது.

அதன் பிறகு வீடு மிக அமைதியாக இருந்தது. மகள் கிலுகிலுப்பையைக் கடித்தாள், நக்கினாள், கதிரைக் காலில் அடித்தாள், என் மூக்கிலும் அடித்தாள். ஒவ்வொரு நாளும் அவளைக் குளிப்பாட்டும்போது கிலுகிலுப்பையையும் தண்ணீருக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். மூடியின் ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்ப்பேன். கொதிநீரில் போட்டுக் கழுவவும் முடியாது, இந்தப் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அச்சு வரிகளுக்கிடையில் கிருமி தங்குமோ என்ற கவலையில் பல் தேய்க்கும் தூரிகையால் தேய்ப்பேன். சில நாள் காதருகே வைத்துக் குலுக்குவேன். மணிச் சத்தத்துக்கு நடுவில் மெழுகுச் சீலையின் மெத்தென்ற சத்தம் கேட்கிறது என்று ஒரு நாள் நிச்சயமாகத் தோன்றும். மறுநாள் நிச்சயமாகத் தோன்றாது.

"மருமகன்ட்ட சொல்லு, புள்ள இப்ப அழுறதே இல்ல எண்டு," என்பார் உம்மா சீலைக்குப் பின்னால், வெற்றிக் குரலில்.

"மாமிட்ட சொல்லு, அந்த நூலெல்லாம் கழட்டின பொறகு புள்ள நல்ல சுகம் எண்டு," என்பார் இவர்.

இதை மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் மாத ஊசி போட்டு ஒரு கிழமையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் மறு திங்கள் பாடசாலைக்குப் போக வேண்டும். விடியலிலிருந்து அவளைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு உம்மா அவளை வாங்கிக்கொண்டு, "நீ போய் ஒரு வாளி தண்ணிய ஊத்திக்கிட்டு வா, மணக்கிறாய்," என்றார்.

தலைக்குச் சவர்க்காரம் போட்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இவர் வழமையை விட நேரத்தோடு வந்துவிட்டார். உம்மா கையில் காய்ச்சல் பிள்ளை, வாசலில் மருமகன், நடுவில் நான் இல்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கதவில் காதை வைத்தேன்.

சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு உம்மாவின் குரல் வந்தது. குரலை எங்கேயோ தேடி எடுத்துவந்தது போல் இருந்தது.

"மகன், பாணி மருந்து எத்தன மணிக்கு ஒருக்கா குடுக்கிற?"

மூன்று வருடத்தில் முதல் வார்த்தை. இவர் எங்கே பார்த்துக்கொண்டு நின்றாரோ தெரியாது. "ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மாமி. இப்ப குடுக்கலாம். நான் ஊத்தித் தாறன்."

கரண்டிச் சத்தம். பிள்ளை துப்புகிற சத்தம். இருவரும் ஒரே நேரத்தில் "பிஸ்மில்லாஹ்" என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சவர்க்காரம் கண்ணுக்குள் போய்விட்டது. அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

அப்போது கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது. உம்மா அதைப் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை தடவி ஓதத் தொடங்கியிருப்பார்.

"பயப்பிடாதீங்க மகன். இது கிட்ட இரிக்கிற வரைக்கும் புள்ளைக்கு ஒண்டும் வராது."

"எது மாமி?"

"இதுதான். இதுக்குள்ள இரிக்கிற இசிம்."

"இதுக்குள்ள மணி மட்டும்தானே மாமி இரிக்கி."

"இல்ல மகன், இசிம். புள்ளதான் உள்ளுக்கு வெச்சி ஒட்டினவள்."

"எனக்கு அப்படிச் சொல்லல்லயே."

"உங்களுக்கு என்ன சொன்னவள்?"

"மாமிக்கு என்ன சொன்னா?"

நான் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் ஒளிந்திருக்கலாம் என்று பார்த்தேன். வாளி நிறைந்து வழிந்தது. இனி இருந்தால் தண்ணீர்த் தாங்கி காலியாகிவிடும் என்றபோதுதான் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

இருவரும் ஒரே கட்டிலின் இரண்டு நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். உம்மாவின் முந்தானை தோளில் கிடந்தது. மூடிக்கொள்ள மறந்திருந்தார். நான் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது போல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மதினி, மெசின், இரண்டு குமிழ், உருகிப்போன புள்ளி, சாறிக்கு அடியில் கிடக்கும் மற்றது. உப்பு, ஃபேன் எல்லாவற்றையும்கூடச் சொல்லத் தொடங்கினேன். இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உப்பா? என்ன உப்பு?"

"அத விடுங்க மகன்," என்றார் உம்மா. "அந்த மத்ததக் கொண்டு வா."

கொண்டுவந்தேன். இவர் குறடு எடுத்துவந்தார். மூடியைப் பிடித்தார். உம்மா மூச்சை இழுத்துப் பிடித்ததை நான் பார்த்தேன். இவரும் பார்த்திருப்பார். குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓதி எழுதினது உள்ளுக்கு இரிந்தா, குறட்டால நசுக்க ஏலா," என்றார். உடைத்துப் பார்க்க அவருக்கும் தைரியமில்லை என்று எனக்குத் தோன்றியது. உம்மாவுக்கு அதைவிட இல்லை.

பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. பின்னேரம் ஆனபோது அவள் எழுந்து உட்கார்ந்து இரண்டு கிலுகிலுப்பைகளையும் மோதி விளையாடினாள். இப்போது எது முதலாவது, எது இரண்டாவது என்பதும் போய்விட்டது.

மறுநாள் இவர் வேலைக்குப் புறப்படும்போது இரண்டையும் எடுத்துப் பையில் போட்டார். "பாமசியில மருந்து நிறுக்கிற தராசு இரிக்கி. ஒரு தாள் கூடினாலும் காட்டும்."

"நானும் வாறன்," என்றார் உம்மா, ஸ்கூட்டிச் சாவியைத் தேடியபடி. "என்ட கண்ணால பாக்கணும். இவள்ட வாயால கேட்டுக் கேட்டு எனக்குக் காணும்."

மோட்டார் சைக்கிளும் அதன் பின்னால் ஸ்கூட்டியும் தெருமுனையில் திரும்பின. அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மணிகளை நான் எண்ணிப் போடவில்லை. பிடிபிடியாக அள்ளிப் போட்டேன். ஒன்றில் நாலு மணி கூடியிருந்தாலே தாளின் பாரம் மறைந்துவிடும். தராசு என்ன காட்டினாலும் அர்த்தமில்லை. இவருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. உம்மாவுக்கு அழைத்தேன். அவருடைய கைபேசி குசினி மேசை லாச்சிக்குள் அடித்தது.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து இருவரும் சேர்ந்தே திரும்பி வந்தார்கள். படியில் ஏறும்போது ஏதோ கதைத்துக்கொண்டு வந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். உம்மாவின் கையில் ஒரு கிலுகிலுப்பை மட்டும் இருந்தது. அதைப் பிள்ளையிடம் கொடுத்தார். அவள் உடனே வாயில் வைத்தாள். நான் பறித்து மூடியைப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. யாரும் திறக்கவில்லை.

"தராசு என்ன காட்டினது? அது சரிவராது, மணி எண்ணல்ல நான்," என்றேன்.

"மணி எண்ணல்லயாம் மகன்," என்றார் உம்மா இவரிடம்.

"அப்படியா மாமி," என்றார் இவர். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"மத்தது எங்க?"

இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "மாமிட்ட கேளு."

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு குசினிப் பக்கம் நடந்தார்.

"மருமகன்ட்ட கேளு," என்றார்.

ஆறு மாதமாகிறது. நான் பாடசாலைக்குப் போகிறேன், உம்மா பிள்ளையைப் பார்க்கிறார். அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்; கிலுகிலுப்பையை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கறி காணுமா என்று உம்மா நேரே கேட்கிறார், உப்புக் கூடிவிட்டதென்று இவர் நேரே சொல்கிறார், உம்மா நேரே கோபிக்கிறார். நான் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிடித்து, கெஞ்சியும் மிரட்டியும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். போன வெள்ளிக்கிழமை இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டு ஓடிப்போனேன். உள்ளே நுழைந்ததும் இவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். உம்மா கதவுச் சீலையை இழுத்து, அதன் பின்னால் போய் நின்றுகொண்டார்.